தொடா டெஸ்டர்: ஒலித்தால் என்ன பொருள், ஒலிக்காவிட்டால் என்ன பொருள்?

ராமேசுவரம் தீவிலிருந்து வடக்கே தொண்டி வரைக்கும், தென்மேற்கே கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் வரைக்கும் நீளும் கடற்கரை ஊர்களில் வயரிங் வேலை பார்ப்பவர்களின் சட்டைப்பையில், ஸ்குரூடிரைவர் போன்ற பழைய டெஸ்டருடன் பருத்த பேனாவைப் போன்ற ஒரு பிளாஸ்டிக் கருவியையும் இப்போது பார்க்க முடிகிறது. அதன் நுனியை வயருக்கு அருகில் கொண்டு சென்றால், வயரில் மின்சாரம் இருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்து ‘பீப் பீப்’ என்று ஒலிக்கிறது. செம்பைத் தொட வேண்டியதில்லை. இன்சுலேஷனைச் சீவ வேண்டியதும் இல்லை. கடைகளில் ‘நான்-கான்டாக்ட் டெஸ்டர்’ என்று கேட்டு வாங்கப்படும் இக்கருவியை இக்கட்டுரையில் தொடா டெஸ்டர் என்றே குறிப்பிடுகிறேன்.

இதைப் பற்றி நிலவும் பேச்சு இரண்டு வகையாக இருக்கிறது. ‘சத்தம் வரலண்ணே, தைரியமாத் தொடுங்க’ என்பது ஒரு வகை. ‘சுவரில் வைத்தாலும் கத்துகிறது, பிரிட்ஜில் வைத்தாலும் கத்துகிறது, இது விளையாட்டுச் சாமான்’ என்பது இன்னொரு வகை. இரு சாராரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள் என்றாலும், கருவி எதை உணர்ந்து ஒலிக்கிறது என்று விசாரித்தவர்கள் அவர்களில் குறைவு. இரண்டாவது பேச்சினால் கெடுவது கருவியின் பெயர் மட்டுமே. முதல் பேச்சு ஆளைக் கொல்லக்கூடியது. ஆகவே கருவி ஒலிக்காமல் இருக்கும் நிலையைப் பற்றியே இக்கட்டுரை அதிகமாகப் பேசுகிறது.

கருவாட்டு வாசனையிலிருந்து தொடங்கலாம்

பாம்பனிலோ மண்டபத்திலோ கருவாடு காயும் இடத்தைக் கண் காண்பதற்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிடும். வாசனை வந்தால், பக்கத்தில் எங்கோ கருவாடு இருக்கிறது என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். வாசனை வராவிட்டால் கருவாடு இல்லை என்று அதே உறுதியுடன் சொல்ல முடியாது: அதைத் தகர டின்னில் அடைத்து மூடியை இறுக்கியிருக்கலாம், காற்று மறுபக்கமாக வீசலாம், சளி பிடித்து நம் மூக்கே அடைத்திருக்கலாம். இதற்கு மாறாக, சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்த வெறும் ஓலைப்பெட்டியும் மணக்கத்தான் செய்யும். அதில் கை விட்டால் ஒன்றும் அகப்படாது.

தொடா டெஸ்டரும் இவ்வாறே தொலைவில் நின்று மோப்பம் பிடிக்கிறது. மூடிய டின், எதிர்க்காற்று, அடைத்த மூக்கு, வெறும் பெட்டி ஆகிய நான்குக்கும் நிகரான நிலைமைகள் மின்கம்பியிலும் உண்டு. ஆனால் ஓரிடத்தில் இந்த ஒப்புமை நின்றுவிடுகிறது. மூக்கு தனியாக வேலை செய்யும்; தொடா டெஸ்டரால் தனியாக எதையும் உணர முடியாது. அதைப் பிடித்திருக்கும் மனிதரின் உடலும் அவர் காலடியில் உள்ள தரையும் சேர்ந்தால்தான் அது முழுக் கருவியாகிறது. உண்மையான செயல்முறை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கருவிக்குள் நடப்பது

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ள மாறுதிசை மின்சாரம். ஏசி என்று நாம் சொல்லும் இது நொடிக்கு 50 சுற்றுகள் திசை மாறிமாறி அலையும். பேஸ் கம்பி என்பது இந்த அழுத்தத்தைத் தாங்கி வரும் கம்பி. நியூட்ரல் என்பது, டிரான்ஸ்பார்மரில் தரையோடு இணைக்கப்பட்டு, தரையின் அழுத்தத்தை ஒட்டியே நிற்கும் திரும்பு கம்பி. பேஸ் கம்பியில் பல்பு எரிந்தாலும் எரியாவிட்டாலும், அழுத்தம் இருக்கும் வரை அதைச் சுற்றியுள்ள வெளியில் ஓர் இழுவிசை பரவியிருக்கும். இதற்கு மின்புலம் என்று பெயர். இன்சுலேஷன் இந்தப் புலத்தைத் தடுப்பதில்லை. மின்னோட்டத்தை மட்டுமே தடுக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்ட பிறகும் அதன் ஸ்விட்சு வரை வரும் வயரில் தொடா டெஸ்டர் ஒலிப்பது இதனால்தான்.

இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் அருகருகே இருந்தால், ஒன்றில் அழுத்தம் ஏறி இறங்கும்போது மற்றொன்றிலும் சிறிய மின்னசைவு உண்டாகும். இதை மின்தேக்கு இணைப்பு என்கிறோம். டெஸ்டரின் பிளாஸ்டிக் நுனிக்குள் ஓர் உலோகத் தகடு இருக்கிறது. வயரின் செம்புக்கும் இந்தத் தகட்டுக்கும் இடையில் ஓர் இணைப்பு. டெஸ்டரைப் பிடித்திருப்பவரின் உடலுக்கும் தரைக்கும் இடையில் இன்னோர் இணைப்பு. இவ்விரண்டும் தொடராக அமைந்து, வயரில் தொடங்கி நுனி, கருவி, கை, உடல், தரை என்ற வழியாக ஒரு சுற்று முடிகிறது. செருப்புப் போட்டிருந்தாலும் பெரும்பாலும் இந்தச் சுற்று அறுபடாது; ஏனெனில் இது தொடுதலால் உண்டாகும் சுற்று அன்று.

அந்தச் சுற்றில் செல்லும் மின்னோட்டம் எவ்வளவு? நுனிக்கும் வயருக்கும் இடையிலான இணைப்பு ஒரு பிக்கோபாரட் (மின்தேக்கு அளவுக்கான மிகச் சிறிய அலகு) என்று வைத்துக்கொண்டு 230 வோல்ட்டுக்கும் 50 சுற்றுக்கும் கணக்கிட்டால், ஏறத்தாழ 70 நானோ ஆம்பியர் கிடைக்கிறது. மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் வீட்டு இஎல்சிபி இயங்குவதற்கு வேண்டிய 30 மில்லி ஆம்பியரைவிட இது நாலு லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. பிடித்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இவ்வளவு சிறிய அசைவைக் கருவிக்குள் இருக்கும் பெருக்கி பல மடங்காக்கி, குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் விளக்கையும் ஒலியையும் இயக்குகிறது. அளவைத் தாண்டாவிட்டால் ஒன்றும் செய்யாது. அழுத்தம் இத்தனை வோல்ட் என்று அது சொல்வதில்லை. தாண்டியதா இல்லையா என்பது ஒன்றுதான் அதன் பதில்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: தொடா டெஸ்டர் மாறிக்கொண்டே இருக்கும் மின்புலத்தை உணர்கிறது, அதற்கு உடலும் தரையும் துணை, அது கையாளும் மின்னோட்டம் மிக மிகச் சிறியது. அவ்வளவு சிறிய ஒன்றைத் தடுக்கவும் திசை திருப்பவும் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை என்பதை அடுத்த பகுதிக்காக நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

மின்சாரம் இருந்தும் ஒலிக்காத இடங்கள்

முதலில் மூடிய டின். தரையோடு இணைந்த உலோக உறை ஒன்று கம்பியைச் சுற்றியிருந்தால், மின்புலம் அந்த உறையிலேயே முடிந்துவிடும். வெளியே எதுவும் வராது. ஐஸ் பிளாண்டுகளிலும் இறால் கம்பெனிகளிலும் மோட்டார்களுக்கு இழுத்திருக்கும், இரும்புப் பட்டை சுற்றிய ஆர்மர்டு கேபிளின் மேல் நுனியை வைத்துப் பார்ப்பதில் பொருளே இல்லை. பழைய வீடுகளில் சுவருக்குள் புதைத்த இரும்புக் குழாய் வயரிங்கும், எர்த் செய்யப்பட்ட இரும்பு மெயின் பெட்டியின் மூடியும் இப்படித்தான். மூடிக்கு வெளியே வைத்துப் பார்த்துவிட்டு, ‘பெட்டியில் கரண்ட் இல்லை’ என்று யாராவது சொன்னால், அவர் பெட்டியின் எர்த் நன்றாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறார்.

கடற்கரையில் இந்த மூடிய டின் இன்னொரு வடிவத்திலும் வருகிறது. உப்பேறிய சுண்ணாம்புச் சுவர், வாடைக் காலத்து மழையில் ஈரம் உறிஞ்சியதும், ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும் பொருளாகிவிடுகிறது. கடல்மண் கலந்து பூசிய சுவர்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குப் பூச்சு பொரிந்து, விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி ஒட்டும், மழை நாளில் அதே இடம் வியர்த்தது போல் கறுத்து நிற்கும். இந்த ஈரப்படலம் தரையோடு நன்றாகத் தொடர்பு கொண்டிருந்தால், உள்ளே ஓடும் வயரின் மின்புலத்தை அதுவே விழுங்கிக்கொள்ளும். வெளியே டெஸ்டர் ஒலிக்காது. தரைத் தொடர்பு சரியாக இல்லாமல், வயரின் இன்சுலேஷனும் எங்காவது பழுதாகியிருந்தால் நேர்மாறாக நடக்கும்: சுவர் முழுவதுமே அழுத்தம் ஏறி, எங்கே வைத்தாலும் ஒலிக்கும். ஆணி அடிப்பதற்கு முன் வயர் எந்த வழியாகப் போகிறது என்று தொடா டெஸ்டரால் தேடும் வழக்கம், நம் பக்கத்து மழைக்காலச் சுவர்களில் இவ்விரண்டு காரணங்களாலும் நம்பத்தகாதது.

அடுத்து, எதிர்க்காற்றுக்கு நிகரானவை. பேஸும் நியூட்ரலும் எர்த்தும் ஒரே உறைக்குள் வரும் கேபிளில், நுனி வைத்த பக்கத்தில் எர்த் கம்பியும் மறுபக்கத்தில் பேஸும் இருந்தால், நடுவிலிருக்கும் கம்பிகள் புலத்தின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். முறுக்கிய வயர்களில் சில விரற்கடை தூரம் நுனியை நகர்த்தினாலே ஒலி வந்துவிடுவது இதனால்தான். மும்முனை கேபிளிலோ மூன்று பேஸ்களின் புலங்களும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுசெய்துகொள்வதால், ஒலி மங்கும் இடங்கள் அதிகம். ஆகவே ஒரே புள்ளியில் வைத்துவிட்டு முடிவு கட்டாமல், கேபிளைச் சுற்றியும் நீளவாக்கிலும் நுனியை நகர்த்திப் பார்க்க வேண்டும்.

உடலின் பங்கை மறப்பதால் வரும் பிழையும் இங்கே சேரும். உயரத்தில் இருக்கும் மின்விசிறிக் கப்பை எட்டுவதற்காக டெஸ்டரைக் கம்பில் கட்டித் தூக்குபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கை விலகிவிடுகிறது; சுற்றின் பாதி இல்லாமல் போகிறது. தடித்த ரப்பர் கையுறை, பைபர் ஏணி போன்றவையும் உடலுக்கும் தரைக்கும் உள்ள இணைப்பைக் குறைக்கும். இதைவிட நுட்பமானது, ஏணி மேல் நிற்பவரின் உடலே பக்கத்துப் பேஸ் கம்பிகளின் புலத்தால் சற்று அழுத்தம் ஏறி நிற்கும் நிலை. அப்போது நுனிக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடு குறைந்து, கருவியின் அளவைத் தாண்டாமல் போகலாம்.

அடைத்த மூக்கு என்பது தீர்ந்துபோன பேட்டரி. அதோடு, நம் கடற்காற்றில் பேட்டரி உட்காரும் இடத்து ஸ்பிரிங்கில் சில மாதங்களிலேயே பச்சை படிந்துவிடும். பேட்டரி புதிதாக இருந்தாலும் தொடர்பு விட்டுவிட்டு வரும். பல கருவிகளில் பொத்தானை அழுத்தியதும் ஒரு விளக்கு மின்னிக் காட்டும். பேட்டரியும் விளக்கும் சரியாக உள்ளன என்பதற்கு அது சான்றாகலாம். நுனி உணர்கிறதா என்பதற்கு எல்லாக் கருவிகளிலும் அது சான்றாகாது.

நேர்திசை மின்சாரம்: அறவே கேளாத செவி

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலே சொன்ன இடங்களில் எல்லாம் கருவி சில வேளை ஒலிக்கும், சில வேளை ஒலிக்காது. பேட்டரியிலிருந்தும் சூரியத் தகட்டிலிருந்தும் வரும், திசை மாறாத டிசி மின்சாரத்திலோ அது உணர்வதற்கு எதுவுமே இல்லை. அழுத்தம் ஏறி இறங்காமல் ஒரே நிலையில் நின்றால், மின்தேக்கு இணைப்பின் வழியே மின்னோட்டம் செல்லாது. 12 வோல்ட் ஆனாலும் 1,000 வோல்ட் ஆனாலும் அதுவே விதி.

விசைப்படகுகளில் விளக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் கடலாழம் காட்டும் எக்கோ சவுண்டருக்கும் ஓடும் வயர்கள் 12 அல்லது 24 வோல்ட் பேட்டரி வயர்கள். இந்த அழுத்தம் பொதுவாக ஆளைத் தாக்காது. ஆனால் ஸ்பானர் ஒன்று இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் அது சிவக்கச் சூடாகும் அளவுக்கு மின்னோட்டம் பாயும். அங்கே தொடா டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு ‘லைன் செத்துப்போச்சு’ என்று முடிவு செய்வது வீண்.

வீட்டுக் கூரைச் சூரியத் தகடுகளில் ஆபத்து இதைவிடப் பெரியது. ராமநாதபுரம் மாவட்டத்துக்குச் சூரிய மின்சாரம் புதிதன்று. கமுதியில் 648 மெகாவாட் திறனுள்ள நிலையம் 2016 முதல் இயங்குகிறது. பிரதம மந்திரி சூரிய வீடு திட்டம் 2024இல் வந்த பிறகு, வீட்டு மொட்டை மாடிகளிலும் தகடுகள் பெருகி வருகின்றன. இன்றைய பெரிய தகடு ஒன்றின் திறந்த முனை அழுத்தம் (எதனோடும் இணைக்காதபோது உள்ள அழுத்தம்) ஏறத்தாழ 40 முதல் 50 வோல்ட். ஆறு முதல் பத்துத் தகடுகளைத் தொடராக இணைத்தால் ஏறத்தாழ 250 முதல் 500 வோல்ட் வரை டிசி அழுத்தம் சேர்ந்துவிடும். வெயில் இருக்கும் வரை இதை நிறுத்துவதற்கு ஸ்விட்சு கிடையாது. டிசி ஐசோலேட்டர் என்ற துண்டிப்பானைத் திருப்பினாலும், தகட்டிலிருந்து ஐசோலேட்டர் வரை உள்ள வயரில் அழுத்தம் அப்படியே நிற்கும்.

இதில் ஒரு வஞ்சகமும் ஒளிந்திருக்கிறது. தகட்டு டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டர்களில் டிரான்ஸ்பார்மர் இல்லாத சில வகைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, டிசி வயர்களின் மேலும் கொஞ்சம் ஏசி அலைவு ஏறி நிற்கும். அப்போது தொடா டெஸ்டர் அந்த வயர்களில் ஒலிக்கும். வேலைக்காக இன்வெர்ட்டரை நிறுத்தியதும் அலைவு மறைந்து ஒலியும் நிற்கும். முன்பு ஒலித்தது, இப்போது ஒலிக்கவில்லை, ஆகவே மின்சாரம் நின்றுவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். உண்மையில் அந்த நேரத்தில்தான் வயரில் முழு டிசி அழுத்தம் இருக்கிறது. சூரியத் தகட்டு வேலையில் டிசி அளக்கக்கூடிய, உரிய தரத்துள்ள மீட்டர் இல்லாமல் எவரும் கை வைக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒலிக்காமைக்கு இத்தனை காரணங்கள் இருக்கின்றன. ‘மின்சாரம் இல்லை’ என்பது அவற்றில் ஒன்று மட்டுமே.

மின்சாரம் இல்லாமலே ஒலிக்கும் இடங்கள்

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு இருட்டில் மினுக்கென்று மங்கி எரிவதைப் பல வீடுகளில் பார்த்திருப்போம். பேஸ் வயரோடு ஒட்டி நீண்ட தூரம் ஓடும் துண்டித்த வயரில், மின்தேக்கு இணைப்பால் தானாகவே ஓர் அழுத்தம் ஏறி நிற்கும். அது பேய் வோல்டேஜ் எனப்படும். அழுத்தம் காட்டும், ஆனால் அதன் பின்னால் மின்னோட்டம் தரும் வலு இருக்காது. பழைய குண்டு பல்பை அதில் இணைத்தால் உடனே சரிந்துவிடும். வெறும் ஓலைப்பெட்டி என்று முன்பு சொன்னது இதைத்தான். தொடா டெஸ்டருக்கு வலு தெரியாது, அழுத்தம் மட்டுமே தெரியும், ஆகவே ஒலிக்கும். பல்பு மினுக்குவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம்: ஸ்விட்சைப் பேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்திருந்தால், அணைத்த பிறகும் ஹோல்டரில் முழு 230 வோல்ட்டும் இருக்கும். இது பேய் அன்று, உண்மையான ஆபத்து. இவ்விரண்டையும் தொடா டெஸ்டரால் பிரித்தறிய இயலாது.

பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர் பெட்டி ஆகியவற்றின் உலோக உடம்பில் வைத்ததும் ஒலிப்பதைக் கண்டு கருவியைக் குறை சொல்பவர்கள் சற்று நிதானிக்க வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் அந்த உடம்பு தரையின் அழுத்தத்தில் நிற்கும், டெஸ்டர் ஒலிக்காது. ஒலிக்கிறது என்றால் பெரும்பாலும் எர்த் எங்கோ அறுந்திருக்கிறது. கம்ப்யூட்டர் பவர் சப்ளைகளில் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் பேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உடம்புக்கு இணைக்கப்பட்டிருப்பதால், எர்த் இல்லாதபோது உடம்பு 115 வோல்ட்டை ஒட்டி மிதக்கும். தொட்டால் சுரீரென்று கிள்ளும். நம் ஊர் உப்பு மண்ணில் எர்த் போட்ட புதிதில் அருமையாக வேலை செய்யும், ஆனால் அதே உப்பு ஜிஐ பைப்பையும் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) இணைப்புப் போல்ட்டையும் அரித்துவிடும். ஆகவே பிரிட்ஜ் உடம்பில் ஒலி கேட்டால் முதலில் எர்த் குழியின் மூடியைத் திறந்து போல்ட்டைப் பார்ப்பது நல்லது. கருவி சொன்ன செய்தி அங்கே பயனுள்ள செய்திதான்.

உடையில் உரசி நிலைமின்னேற்றம் கொண்ட பிளாஸ்டிக்கின் அருகில் ஒருமுறை இருமுறை ‘பீப்’ வருவது இயல்பு. தொடர்ந்து ஒலிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பேஸா நியூட்ரலா என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஒரு வரம்பு வரை. மூன்று துளைப் பிளக் பாயிண்டை எதிரே நின்று பார்த்தால், முறைப்படி செய்த வயரிங்கில் பேஸ் வலப்பக்கம். டெஸ்டர் அங்கே ஒலித்து இடப்பக்கத்தில் மௌனமாக இருக்க வேண்டும். இரண்டிலும் ஒலித்தால் கருவி கெட்டுவிட்டது என்று எண்ணாதீர்கள். வழியில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்படி அறுந்தால், ஆன் செய்து வைத்திருக்கும் ஏதோ ஒரு பல்பு அல்லது மின்விசிறியின் வழியாகப் பேஸின் அழுத்தம் சுற்றிக்கொண்டு நியூட்ரல் கம்பிக்கும் வந்துவிடும். விளக்கு எதுவும் எரியாது, எந்தக் கம்பியைத் தொட்டாலும் அடிக்கும். காற்றடித்த மறுநாள், தெருக் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரின் நியூட்ரல் இணைப்பு உப்பில் இற்று விட்டுப்போகும் வீடுகளில் இது நேர்கிறது. ஆகவே ஒலிக்காத கம்பி நியூட்ரல் என்று அடையாளம் காண இக்கருவியைப் பயன்படுத்தலாம். நியூட்ரல் ஆகையால் தொடலாம் என்று முடிவு செய்யப் பயன்படுத்தக் கூடாது.

பயன்படுத்தும் முறை

உலகெங்கும் மின்பணியாளர்கள் பின்பற்றும் ஒழுங்கு ஒன்று உண்டு: மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் சோதி, வேலை செய்யும் இடத்தில் சோதி, மீண்டும் தெரிந்த இடத்தில் சோதி. முதல் சோதனை, கருவி இப்போது உயிரோடு இருக்கிறதா என்பதற்கு. மூன்றாவது சோதனை, நடுவில் சோதித்தபோதும் அது உயிரோடுதான் இருந்ததா என்பதற்கு. இந்த மூன்றாவதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது சோதனையின்போது பேட்டரித் தொடர்பு விட்டிருந்தால் அதைக் காட்டிக்கொடுப்பது அது ஒன்றுதான்.

ஒரு வீட்டில் மின்விசிறி ரெகுலேட்டர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். மின்சாரம் இருக்கும் பக்கத்து அறைப் பிளக்கில் நுனியை வைத்து ஒலியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பின்பு ரெகுலேட்டர் இருக்கும் போர்டிலேயே, எதையும் அணைக்காமல், ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இடத்தில், இந்தப் போர்டின் வழியாக, கருவிக்குக் கேட்கிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். இப்போதே ஒலிக்காவிட்டால், அணைத்த பின் ஒலிக்காததற்குப் பொருளில்லை. அதன்பின் மெயினை அணைத்துப் பியூஸ் கேரியரைக் கழற்றித் தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொள்ள வேண்டும்; பெட்டியின் மேல் வைத்தால், கரண்ட் இல்லையே என்று வீட்டிலிருப்பவர் யாரேனும் எடுத்துச் செருகிவிடுவார். பியூஸுக்குப் பதில் எம்சிபி என்ற தானியங்கி ஸ்விட்சு என்றால் ஒரு டேப்பாவது ஒட்டி, வீட்டாரிடம் வாயால் சொல்லிவிட வேண்டும்.

கரண்ட் போனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைப்பது பாதி வேலைதான். மெயினை அணைத்த மறுகணமே இன்வெர்ட்டர் தன் பங்கு விளக்குகளுக்கும் மின்விசிறிகளுக்கும் 230 வோல்ட்டைக் கொடுக்கத் தொடங்கிவிடும். இன்வெர்ட்டரையும் அதன் வெளியீட்டையும் தனியே துண்டிக்க வேண்டும். இன்வெர்ட்டர் தரும் ஏசியைத் தொடா டெஸ்டர் நன்றாகவே உணரும். எனவே ரெகுலேட்டர் போர்டில் ஒலி தொடர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். ஜெனரேட்டர் வைத்திருக்கும் ஐஸ் பிளாண்டுகளுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இத்தனைக்குப் பிறகும், செம்பில் விரல் படப்போகிறது என்றால், தொடா டெஸ்டரின் மௌனத்தோடு நிறுத்தக் கூடாது. இரண்டு முனைகளாலும் கம்பியைத் தொட்டு அளக்கும் மல்டிமீட்டரால் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்து பார்க்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டர் பேய் வோல்டேஜையும் அப்படியே காட்டும் என்பது உண்மை. குறைந்த மின்தடையில் அளக்கும் வசதியுள்ள மீட்டரோ, இரண்டு கைப்பிடியுள்ள வோல்டேஜ் டெஸ்டரோ அதைச் சரித்துவிட்டு உண்மையைக் காட்டும். ஹோல்டரில் பல்பு மாட்டி இரண்டு வயர் இழுத்த டெஸ்ட் லேம்ப்பும் இந்த வேலையைச் செய்யும், ஆனால் ஹோல்டரும் வயரும் நைந்துபோன டெஸ்ட் லேம்ப் தானே ஓர் ஆபத்து. பல்பின் இழை அறுந்திருந்தால் அதுவும் மௌனம்தான் காட்டும்.

ஸ்குரூடிரைவர் போன்ற பழைய நியான் டெஸ்டர் தொடா டெஸ்டரைவிட மேலா என்ற கேள்வி வரும். அது செம்பைத் தொட்டு, உள்ளேயுள்ள பெரிய மின்தடை வழியாக மிகச் சிறிய மின்னோட்டத்தை நம் உடல் வழியே தரைக்கு அனுப்பி எரிகிறது. பேட்டரி தேவையில்லை என்பது அதன் நன்மை. பகல் வெளிச்சத்தில், அதுவும் நம் ஊர் வெயிலில், எரிகிறதா இல்லையா என்று தெரியாது. உள்ளே ஈரம் புகுந்து மின்தடை கெட்டால் பிடித்திருப்பவரையே அடிக்கும். எச்சரிக்கை கொடுப்பதற்கு இரண்டும் நல்லவை. சான்று கொடுப்பதற்கு இரண்டும் போதா.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

உறையில் எழுதியிருக்கும் அழுத்த வரம்பைப் பாருங்கள். 90 முதல் 1,000 வோல்ட் ஏசி என்று இருப்பது வீட்டு வேலைக்கு ஏற்றது. 12 வோல்ட்டிலிருந்து தொடங்கும் கருவி அதிக உணர்வுள்ளது, அதனாலேயே பேய் வோல்டேஜுக்கு அதிகமாகக் கத்தும். அந்த 12 வோல்ட்டும் ஏசிதான். படகுப் பேட்டரிக்கு அது உதவும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். மெயின் பெட்டியிலும் நிலையான வயரிங்கிலும் பயன்படுத்த கேட் 3 என்ற பாதுகாப்பு வகையாவது அச்சிட்டிருக்க வேண்டும். சர்வீஸ் வயர் உள்ளே வரும் இடத்துக்கு கேட் 4. பயன்படுத்தாதபோது பேட்டரியைக் கழற்றி, மூடியுள்ள டப்பாவில் வைத்தால் ஸ்பிரிங்கில் பச்சை படிவது குறையும். நுனியில் உப்பு ஈரம் படிந்திருந்தால் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே சோதிக்க வேண்டும்.

தெருவில் அறுந்து கிடக்கும் கம்பியிடம் இக்கருவியைக் கொண்டு செல்லவே கூடாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கம்பத்து இன்சுலேட்டர்களில் உப்பு படிந்து, முதல் தூறலில் மின்சாரம் கசிந்து பொறி பறப்பதை நாம் பார்க்கிறோம். அப்படி அறுந்து விழுவது 11,000 வோல்ட் கம்பியாக இருந்தால், தொடா டெஸ்டரின் வரம்பு அதற்குப் பக்கத்திலேயே வராது. ஈரமண்ணில் அதை நோக்கி நடக்கும்போது இரண்டு கால்களுக்கும் இடையில் உண்டாகும் அழுத்த வேறுபாடே ஆளை வீழ்த்தக்கூடும். இப்போது மின்சாரம் இல்லாத கம்பியாக இருந்தாலும், துணை மின்நிலையத்திலிருந்து எந்த நொடியிலும் மீண்டும் விடப்படலாம். தள்ளி நின்று, மற்றவர்களையும் மாடுகளையும் அந்தப் பக்கம் விடாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணுக்குக் கம்பத்தின் எண்ணையும் தெருவையும் சொல்லி, அவர்கள் வரும் வரை காத்திருக்க வேண்டும்.